நாற்பது தலைக்கு இரண்டு சீட்டு

 

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழும். "எங்கேயாவது கூட்டிப் போங்களேன்" என்பதே அது. தந்தை கடையைக் காட்டித் தப்பித்துக்கொள்வார். தாய் அடுப்படியைக் காட்டுவார். அந்தக் கேள்வி தெருவெல்லாம் சுற்றிக் கடைசியில் மதரஸா வாசலுக்கு வந்து சேரும். ஓதிக்கொடுப்பதோடு பெயர் சூட்டவும், வரன் விசாரிக்கவும், பேருந்து பிடிக்கவும் கடமைப்பட்டவர் ஹஜ்ரத் என்பது நம் ஊர்களில் எழுதப்படாத சட்டம் அல்லவா?

வாணியம்பாடிப் பக்கத்திலுள்ள எங்கள் மஹல்லாவில் அப்படி வந்த கேள்வியை 2022ஆம் ஆண்டின் கடைசியில் நான் ஏற்றுக்கொண்டேன். பெங்களூரை அடுத்த பிடதியில் 2005 முதல் நடந்துவரும் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது. திரும்பும் வழியில் பசவனகுடியில் அவரைக்காய் விழாவைப் பார்த்து அங்கேயே இரவு உணவை முடித்துக்கொள்வது. இதுவே திட்டம். சென்னைக்கு அருகே இல்லலூரில் அதே நிறுவனத்தின் பூங்கா 2025 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. அன்று அது இல்லை. எங்களுக்கோ பெங்களூர் எப்போதும் அருகில்தான்.

இத்தகைய பயணத்தை நீங்களும் திட்டமிடக் கூடும். ஆதலால் நான் கற்றதையும், கற்பதற்கு முன் சறுக்கியதையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நாளைக் குறிக்க வேண்டும். மதரஸாவுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. அன்று ஜும்ஆ இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை சனியும் ஞாயிறும். அந்நாட்களில் பூங்காவில் கூட்டமும் மிகுதி, கட்டணமும் மிகுதி. சலுகைகள் பெரும்பாலும் கூட்டமில்லாத வேலை நாட்களுக்கே வாய்க்கும். இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் எந்தச் சலுகையையும் எடைபோடலாம். ஓர் இராட்டினம் நாற்பது பேருடன் சுழன்றாலும் நான்கு பேருடன் சுழன்றாலும் மின்சாரச் செலவும் ஆட்களின் சம்பளமும் ஏறத்தாழ ஒன்றே. காலியாகச் சுழலும் இருக்கையால் எவருக்கும் பயனில்லை. எனவே, செவ்வாய்க்கிழமையன்று அதனைக் குறைந்த விலைக்கேனும் நிரப்பிவிட எண்ணுகிறார்கள். உள்ளே வந்தவர் உண்பார், குடிப்பார், பெட்டகம் வாடகைக்கு எடுப்பார், நீராடும் உடை வாங்குவார். சீட்டில் விட்டது சிற்றுண்டியில் திரும்பும். வெளி உணவை உள்ளே அனுமதிக்காததன் பொருளும் இதில் அடக்கம். சலுகை என்பது தர்மமன்று, கணக்கு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாமும் கணக்கோடு போக வேண்டும், அவ்வளவே.

வரியைக் கேட்க மறவாதீர்கள். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது கேளிக்கைப் பூங்காக்களின் நுழைவுக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2018 ஜனவரியில் அது 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. "தலைக்கு இவ்வளவு" என்று ஒருவர் இனிக்கச் சொல்லும்போது, வரி சேர்ந்தா, நீங்கலாகவா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாற்பது பேர் என்னும்போது அந்த ஒரு வார்த்தையின் விலை சில ஆயிரம்.

அடுத்து, பிள்ளைகளின் உயரம். வொண்டர்லாவில் சிறுவர் கட்டணத்தை வயதைக் கொண்டு வகுப்பதில்லை. 85 சென்டிமீட்டருக்குக் கீழுள்ள குழந்தைக்குக் கட்டணம் இல்லை. 85 முதல் 140 வரை சிறுவர் கட்டணம். அதற்கு மேல் பெரியவர் கட்டணம். எனவே மதரஸாச் சுவரில் 85இல் ஒன்றும் 140இல் ஒன்றுமாக இரண்டு கோடுகளைச் சுண்ணக்கட்டியால் இழுத்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அளந்தேன். யாசீன் சூராவை ஓத நிற்கச் சொன்னால் நெளிபவன்கூட அன்று அலிஃபைப் போல் நிமிர்ந்து நின்றான்.

அந்த அளவிலும் ஒரு வேடிக்கை நடந்தது. வசதியான வீட்டுத் தாயார் ஒருவர் தம் மகனின் காதருகே குனிந்து, "முழங்காலைச் சற்று மடக்கிக்கொள்" என்றார். அவன் 141. மடக்கினால் சில நூறு ரூபாய் மிச்சம். நான் கேட்டும் கேளாதவன் போல் மீண்டும் ஒரு முறை அளந்து 141 என்றே எழுதினேன். பூங்காவில் அதே சிறுவன் பெரிய இராட்டினத்தின் வாசலிலிருந்த அளவுகோலின் அருகே குதிகாலை உயர்த்தி நின்றதைப் பார்த்தேன். அங்கே 140க்குக் குறைந்தவர்க்கு அனுமதியில்லை. சீட்டு வாங்கும்போது குள்ளம், இராட்டினம் ஏறும்போது நெட்டை! அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மடக்கச் சொன்னது யார்?

உடை விஷயம் நம் பெண்களுக்கு முக்கியமானது. நீர் விளையாட்டுகளுக்குப் பருத்தி ஆடையை ஏற்பதில்லை. நைலான் போன்ற செயற்கை இழை ஆடைதான் வேண்டும். புடவைக்கும் துப்பட்டாவுக்கும் அங்கே இடமில்லை. போய் நின்றுகொண்டு, கிடைத்ததை வாடகைக்கு எடுத்துக் கூசுவதை விட, மணிக்கட்டு வரையும் கணுக்கால் வரையும் மூடும் நீராடும் உடையை முன்கூட்டியே தைத்துக்கொள்வது மேல். எங்கள் மஹல்லாவில் தையல் வேலை செய்யும் சகோதரி ஒருவர் உண்டு. கணவரை இழந்தவர், மகளும் மகனுமாக இரு பிள்ளைகள், இருவரும் என்னிடம் ஓதுபவர்கள். நைலான் துணி எடுத்துக் கொடுத்தோம். செட்டுக்கு 300 ரூபாய் கூலியில் பன்னிரண்டு செட் தைத்துத் தந்தார். அந்த 3,600 ரூபாயோடு கையிலிருந்து 300 சேர்த்து, தமக்கும் மகளுக்குமாக 3,900 ரூபாயை என்னிடம் கட்டினார். தலைக்கு 1,950 என்பதுதான் அந்த ஆண்டின் கணக்கு. பேருந்து, நுழைவுச் சீட்டு, மதிய உணவு எல்லாம் அதில் அடக்கம்.

அந்த 1,950ஐப் பேசி முடித்தவர் பயண ஏற்பாடு செய்யும் ஒருவர். பேருந்தும் அவருடையது, சீட்டும் அவரே மொத்தமாக எடுத்துத் தருவார். கணக்கை முடித்துவிட்டுப் புன்னகையோடு சொன்னார்: "நாற்பது தலைக்கு இரண்டு சீட்டு இலவசம், ஹஜ்ரத். அது ஏற்பாடு செய்பவருக்கு. எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்." நானும் எடுத்துக்கொண்டேன். எனக்கும் என் துணைவிக்கும் பணம் கட்டியிருந்தேன். பிள்ளைகள் இருவரையும் அந்த இரண்டு சீட்டில் சேர்த்தேன். பதினைந்து நாள் அலைந்தவன், தொலைபேசியில் தொண்டை வறண்டவன் என்று உள்ளம் எளிதாகவே ஒப்புக்கொண்டது.

2023 ஜனவரி முதல் வாரத்துச் சனிக்கிழமை பஜ்ருத் தொழுகையை முடித்துக்கொண்டு புறப்பட்டோம். பணம் கட்டியவர் நாற்பது, கட்டாதவர் இருவர், ஆக நாற்பத்திரண்டு பேர். கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி, நைஸ் சாலையில் திரும்பினால் நகரத்துக்குள் நுழையாமலே மைசூர்ச் சாலையை அடையலாம். பிடதியில் தட்டு இட்டிலி பேர்பெற்றது. உள்ளங்கையை விடப் பெரிதான ஒரே இட்டிலி, மேலே வெண்ணெய். காலைச் சிற்றுண்டியை அங்கே வைத்துக்கொண்டது அந்தப் பயணத்தின் மிகச் சிறந்த முடிவு என்பேன். இரண்டு இட்டிலி உண்ட பிள்ளை பிற்பகல் வரை பசி என்று சொல்லவில்லை.

நாங்கள் கண்ட விரயமும் உணவில்தான். பூங்காவின் மதிய உணவை நாற்பத்திரண்டு பேருக்கும் தலைக்கு ஒன்று என்று பேசியிருந்தோம். பிள்ளைகள் பூங்காவில் உண்பதில்லை, ஐயா, ஓடுகிறார்கள். நான்கு கவளம் உண்டு தட்டை வைத்துவிட்டு மீண்டும் தண்ணீரை நோக்கி ஓடினார்கள். பத்துத் தட்டுகளேனும் பாதியில் நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே தொண்டையில் இறங்கவில்லை. உணவோடு சேர்ந்த சலுகையில் சீட்டை மட்டும் எடுத்தால் என்ன, உணவைத் தனியே எத்தனை பேருக்கு வாங்கினால் போதும் என்று பிரித்துக் கேளுங்கள். இறைச்சியைப் பற்றி ஐயம் இருப்பின் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். தெளிவு கிடைக்காவிடில் சைவம் இருக்கவே இருக்கிறது.

தொழுகைக்குச் சிரமம் இருக்கவில்லை. எங்கள் பயணத் தொலைவு கஸ்ருக்கு உரியது. லுஹரும் அஸரும் இரண்டிரண்டு ரகஅத்துகள். எங்களில் ஷாபிஈ மத்ஹபினர் சிலர் இரண்டையும் சேர்த்துத் தொழுதுகொண்டனர். ஹனபிகளாகிய நாங்கள் ஜனவரியின் பிந்திய அஸருக்காக ஐந்து மணிக்குச் சற்று முன்னதாகப் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. நனையாத உடை ஒன்றும் விரிப்பு ஒன்றும் தனிப் பையில் இருக்கட்டும்.

மாலை ஆறு மணிக்கு மேல் பசவனகுடிக்குத் திரும்பினோம். பூங்காவுக்கும் விருந்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்டார்கள். தொடர்பு மிகப் பழையது. கலிபோர்னியாவில் புவெனா பார்க் என்னும் ஊரில் நாட் என்ற குடியானவக் குடும்பம் சாலையோரத்தில் பழங்கள் விற்று வந்தது. பொருளாதார மந்த காலமாகிய 1934இல், குடும்பத் தலைவியாகிய கார்டீலியா நாட் தம் திருமணப் பீங்கான் தட்டுகளை எடுத்து வைத்து எட்டுப் பேருக்குப் பொரித்த கோழி விருந்து பரிமாறினார். விலை 65 சென்ட். சில ஆண்டுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்கத் தொடங்கினர். காத்திருப்போர் சலிப்படையாதிருக்க அவர் கணவர் வால்டர் 1940இல் ஒரு பழங்கால ஊரின் மாதிரியை அமைக்கலானார். அதுவே நாட்ஸ் பெர்ரி பார்ம் என்னும் பெரிய கேளிக்கைப் பூங்காவாக வளர்ந்தது. அவர்களின் வாழ்வை உயர்த்திய பாய்சன்பெர்ரிப் பழத்தின் பெயரால் 2014 முதல் அங்கே வசந்த காலத்தில் உணவு விழாவும் நடக்கிறது. சமையற்கட்டிலிருந்து பிறந்த பூங்கா அது! புளோரிடாவிலுள்ள எப்காட் பூங்காவில் 1996 முதல் நடக்கும் உணவு விழாவின் பெயரிலேயே மதுவும் இருப்பதால் அதைப் பற்றி இங்கே விரிக்கவில்லை.

பெங்களூரின் அவரைக்காய் விழாவில் அந்தத் தொல்லை இல்லை. விஸ்வேஸ்வரபுரத்தில் சஜ்ஜன் ராவ் வட்டத்தை ஒட்டிய உணவுத் தெருவில், பலகாரக் கடை ஒன்றின் முயற்சியால், விவசாயிகளின் விளைச்சலுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்னும் நோக்கோடு தொடங்கியது அது. கூட்டம் தாங்காமல் 2023இல் நேஷனல் கல்லூரி மைதானத்துக்கு மாறியது. முழுவதும் சைவம். நாம் மொச்சை என்பதையே கன்னடத்தார் அவரை என்கிறார்கள். பனி இறங்கும் மார்கழி, தை மாதங்களில் அக்காயின் தோலில் ஒரு மணம் ஏறும். 'சொகடு' என்று அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஊறவைத்த கொட்டையைத் தோலிலிருந்து பிதுக்கி எடுத்தால் பிதுக்குப் பருப்பு. எங்கள் பக்கத்து வீடுகளில் அதனைக் கறியோடு சேர்த்துக் குழம்பு வைப்பார்கள். அங்கே அதையே தோசையிலும் அரிசி ரொட்டியிலும் போடுகிறார்கள், சாறாக வைக்கிறார்கள். ஜிலேபியிலும் ஜாமூனிலும்கூடச் சேர்த்துவிடுகிறார்கள்! ஜிலேபியில் அவரை எதற்கு என்று நான் இன்றுவரை வியக்கிறேன். பிள்ளைகள் வியக்கவில்லை, தின்றார்கள். விழா நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், சில ஆண்டுகளில் டிசம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடும். ஆகவே விழா நாளை உறுதி செய்துகொண்டு பிறகு பூங்காச் சீட்டை எடுப்பதே முறை.

அந்த விழாவில்தான் என் சறுக்கல் என் கண்முன் வந்து நின்றது. தையற்காரச் சகோதரியின் மகள் தனக்கென்று எதையும் வாங்காமல் வறுத்த அவரைப் பருப்புப் பொட்டலம் ஒன்றை வாங்கித் தன் துப்பட்டாவில் முடிந்துகொண்டாள். "உனக்கு வேண்டாமா, யாருக்கு இது?" என்று என் துணைவி கேட்டிருக்கிறார். "தம்பிக்கு, மாமி. அவனுக்கு இராட்டினத்தில் தலை சுற்றும் என்று உம்மா சொல்லிவிட்டார்கள். அவனுக்குத் தலையெல்லாம் சுற்றாது" என்றாளாம் அந்தச் சிறுமி.

பேருந்து ஓசூரைத் தாண்டியது. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். என் துணைவி இதைச் சொல்லிவிட்டு, சற்று நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நம் பிள்ளைகள் இரண்டு பேரும் எந்தச் சீட்டில் வந்தார்கள்?"

பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இருக்கவில்லை. அந்தச் சகோதரி பன்னிரண்டு செட் தைத்து, கைப்பணமும் போட்டுக் கட்டிய தொகை 3,900. நான் கட்டாமல் விட்ட தொகையும் அதே 3,900.

ஊர் வந்தபின் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். இலவசச் சீட்டை எது உண்டாக்கியது? என் அலைச்சலா? நான் தனி ஒருவனாக ஒரு மாதம் அலைந்தாலும் அரைச் சீட்டுகூடக் கிடைத்திராது. நாற்பது தலைகள் சேர்ந்ததால் கிடைத்தது அது. அந்த நாற்பதில் இரண்டு தலை அந்தத் தாயும் மகளும். அவர்களின் தலையையும் எண்ணி வாங்கிய சீட்டில் என் பிள்ளைகள் அமர்ந்து வந்தார்கள். அவர்களின் பிள்ளை வீட்டில் இருந்தான்.

சட்டமும் இதற்குத் தெளிவாகவே இருக்கிறது. பிறருக்காகப் பேசி வாங்குபவர் வக்கீல். விற்பவர் அவருக்காக விலையில் குறைப்பது, அவரை அனுப்பியவர்களைச் சேரும் என்பதை நானே பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன். வசூலுக்கு அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தபோது, தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்ற பொருளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை மிம்பரடியில் எத்தனையோ முறை கேட்டவன் நான். பேருந்து என்றதும் அது நினைவுக்கு வரவில்லை.

அந்த வார இஷாவுக்குப் பின் பயணம் வந்த ஆண்களை வராந்தாவில் அமர்த்திச் சொல்லிவிட்டேன். 3,900 ரூபாயை மூன்று தவணைகளில் பயணக் கணக்கில் கட்டுவதாகவும் சொன்னேன். எல்லோரும் சங்கடத்தோடு அமர்ந்திருந்தார்கள். தோல் மண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் மட்டும் மறுத்தார். "ஹஜ்ரத், நீங்கள் அலைந்தீர்கள். அலைந்தவருக்குக் கூலி வேண்டாமா? அடுத்த முறை ஓசியில் யார் அலைவார்கள்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஏற்பாடு செய்பவர் தமக்கென ஒரு தொகையை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லி, மற்றவர்களும் ஒப்பினால் அது கூலி, ஹலாலான கூலி. ஒருவரும் அறியாமல் பைக்குள் போவதற்குத்தான் வேறு பெயர். தொலைபேசிச் செலவு 180 ரூபாயை நான் கணக்கில் எழுதியே எடுத்துக்கொண்டேன்.

பிறகு, இரண்டு சீட்டையும் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. எல்லோருக்கும் பங்கிடலாம் என்றார் ஒருவர். போட்டுப் பார்த்தோம். 78,000 ரூபாயை நாற்பத்திரண்டால் வகுத்தால் தலைக்கு 93 ரூபாய்தான் குறைகிறது. வசதியுள்ளவருக்கு 93 ரூபாய் ஒரு தோசைக்கும் காபிக்கும் காணும். இரண்டு சீட்டையும் உடைக்காமல் வைத்தால் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு நாள் முழுவதும் கிடைக்கிறது. பங்கிட உரிமை உள்ளவர்கள் அனைவரும் மனமொப்பி விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு முதல் அந்தச் சீட்டுகளை வர முடியாதவருக்கென வைப்பது என்று முடிவாயிற்று.

முடிவு செய்வது எளிது, நிறைவேற்றுவதுதான் கடினம் என்பதை அடுத்த ஆண்டு அறிந்தேன். யாருக்குக் கொடுப்பது என்பதை வராந்தாவில் பேச முடியாது. அவ்வாறு பேசி ஒரு பிள்ளையை அழைத்துச் செல்வதை விட அவனை அழைத்துச் செல்லாமல் இருப்பது மேல். பேருந்தில் மற்றப் பிள்ளைகள் அவனை ஒரு பார்வை பார்ப்பார்கள். ஆகவே பட்டியலில் எல்லாப் பெயர்களுக்கும் எதிரே 'செலுத்தப்பட்டது' என்றே எழுதினோம். அது பொய்யன்று; செலுத்தியது யார் என்று பட்டியல் சொல்லவில்லை, அவ்வளவே. பெண்களிடம் என் துணைவி தனித்தனியே பேசினார்.

தையற்காரச் சகோதரி முதலில் மறுத்துவிட்டார். "இது ஜகாத்தா, மாமி? எனக்குக் கை இருக்கிறது" என்றாராம். என் துணைவி சொன்ன பதிலை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவருக்கே தோன்றியது. "போன வருடம் நீங்களும் மகளும் பணம் கட்டி வந்ததால்தான் நாற்பது ஆனது. முப்பத்தெட்டோடு நின்றிருந்தால் அந்தச் சீட்டே இல்லை. உங்கள் தலைக்கு வந்ததை உங்கள் பிள்ளைக்குத் தருகிறோம். ஜகாத் என்றால் உங்களிடம் மறைத்தா பேசுவேன்?" என்றாராம். மறுநாள் தமக்கும் மகளுக்குமான பணத்தை மட்டும் கட்டிவிட்டு, மகனின் பெயரையும் எழுதச் சொல்லிப் போனார். மற்றொரு சீட்டு யாருக்குப் போயிற்று என்பதை நாங்கள் இருவரும் அறிவோம். இங்கே எழுதப் போவதில்லை. இவரைப் பற்றி எழுதுவது இவர் இசைவு பெற்றே. "தையல் என்பதை மாற்றி எழுதட்டுமா?" என்று கேட்டனுப்பினேன். "எதற்கு? நாலு பேர் நீச்சல் உடைக்குத் துணி கொண்டு வரட்டும்" என்று சிரித்தாராம்.

அந்த இரண்டாம் பயணத்தில் வேறு சிலவற்றையும் திருத்திக்கொண்டோம். நாற்பத்தாறு பேருக்கு மதிய உணவு முப்பதுதான் வாங்கினோம். சிறுவர்கள் இருவர் இருவராக ஒரே தட்டில் உண்டார்கள், மிச்சம் விழவில்லை. விழாவில் செலவழிக்க ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் 150 ரூபாயை உறையில் போட்டுக் கொடுத்தோம். அதற்கு மேல் பெற்றோர் தரக் கூடாது என்று பேச்சு. மண்டிக்காரப் பெரியவரின் பேரனுக்கும் 150தான். அவன் அதில் 140 ரூபாயை முதல் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு மீதி நேரமெல்லாம் மற்றவர்களின் தட்டைச் சுற்றி வந்தான். திரும்பியதும் வரவு செலவு முழுவதையும் எழுதி மதரஸாக் கதவில் ஒட்டினேன். மிஞ்சியது 415 ரூபாய்.

சென்ற முறை வீட்டில் இருந்த சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் சுவரில் 139 இருந்தான். பெரிய இராட்டினத்தின் வாசலில் அளவுகோல் அவனை விடவில்லை. ஒரு சென்டிமீட்டர்! குதிகாலை உயர்த்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. வேலியின் ஓரம் நின்று, தன் அக்காள் மேலே தலைகீழாகச் சுழல்வதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான். விழாவில் அவரைத் தோசை மூன்று தின்றான்.

அதன் பின் பல மாதங்கள், பாடம் தொடங்கும் முன் அந்தச் சுண்ணக்கோட்டின் கீழ் ஒரு முறை நின்று பார்த்துவிட்டுத்தான் ரெஹாலின் முன் அமர்வான். வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். இப்போது கோட்டுக்கு மேல் மூன்று விரல் வளர்ந்திருக்கிறான். 140ஐத் தாண்டியவனுக்குப் பூங்காவில் பெரியவர் கட்டணம். அவன் தாயார் அதற்காகத் தையல் எந்திரத்தின் இழுப்பறையில் இப்போதே பணம் எடுத்து வைக்கத் தொடங்கியிருக்கிறார். இந்த முறை மூவருக்கும் தாமே கட்டப் போவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.